நாவை எடுத்துக்கொண்டோம், பேச்சை விட்டுவிட்டோம்

1231ஆம் ஆண்டு மார்ச் 15ஆம் திகதி, வட இத்தாலியின் பதுவை நகர மன்றம் கடன் பற்றி ஒரு சட்டம் இயற்றியது. கடன்பட்டவன் தன்னிடமுள்ள சொத்தை எல்லாம் கடன் கொடுத்தவனிடம் ஒப்படைத்துவிட்டால், அதற்குப் பிறகும் பாக்கி இருக்கிறதென்று அவனைச் சிறையில் அடைக்கக் கூடாது. அவனுக்காகப் பிணை நின்றவனையும் அடைக்கக் கூடாது. சொத்தை ஒளித்து மோசடி செய்தவனுக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. யார் கேட்டு இந்தச் சட்டம் வந்தது என்பதையும் அதற்குள்ளேயே எழுதிவைத்தார்கள்: சிறிய சகோதரர் சபைத் துறவி அந்தோனி.

கொட்டாஞ்சேனையில் இந்தத் துறவியைத் தெரியாதவர் இல்லை. கொச்சிக்கடைக் கோயிலில் செவ்வாய்க்கிழமைதோறும் கத்தோலிக்கரும், திருநீறு பூசிய சைவரும், பௌத்தரும் மெழுகுதிரியோடு தேடி வருவது இவரைத்தான். லிஸ்பனில் பிறந்து, பதுவையில் அடக்கம் செய்யப்பட்டு, நம்முடைய செபப் புத்தகங்களில் கோடி அற்புதர் ஆனவர். தொலைந்த சாவியிலிருந்து யுத்த காலத்தில் காணாமல் போன மகன் வரை அவரிடம் கேட்டிருக்கிறார்கள். கடன் அடையவேண்டும் என்றும் கேட்கிறார்கள், அதுவும் கண்ணீரோடு. அந்தக் கண்ணீரை நான் கேலி செய்ய மாட்டேன். ஆனால் கடன் அடையவேண்டும் என்று கேட்கப்படும் அந்த மனிதர், தம்முடைய வாழ்நாளில் கடனைப் பற்றி என்ன செய்தார் என்பது அந்தக் கூட்டத்தில் எத்தனை பேருக்குச் சொல்லப்பட்டிருக்கிறது?

அவர் மெழுகுதிரி ஏற்றச் சொல்லவில்லை. அந்த ஆண்டுத் தவக்காலம் முழுக்கப் பதுவையில் நாள்தோறும் பிரசங்கம் செய்தார். வட்டிக்காரரைக் கண்டித்தார். சிறைக்குள் கிடந்த ஏழைகளைப் பற்றி ஊரார் பேசும்படி செய்தார். தவக்காலம் முடிவதற்குள் சட்டம் வந்துவிட்டது. மூன்று மாதத்தில், ஜூன் 13ஆம் திகதி, முப்பத்தாறு வயதளவில் அவர் இறந்துபோனார். அவருடைய கணக்கில் எழுதப்பட்ட அற்புதங்களை நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். இந்தச் சட்டம் மட்டும் யாருடைய நம்பிக்கையையும் கேட்டு நிற்காத வரலாறு. மனிதன் பேசினான், மனிதர்கள் கூடினார்கள், சட்டம் மாறியது.

அவரால் எல்லாம் முடிந்ததா என்றால் இல்லை. அதே ஆண்டில் வெரோனாவுக்குப் போய், எட்செலீனோ என்ற கொடுங்கோலனிடம் கைதிகளை விடுவிக்கும்படி மன்றாடினார். எட்செலீனோ மறுத்துவிட்டான். அந்தோனியார் வெறுங்கையோடு திரும்பினார். கோடி அற்புதர் ஒரு கொடுங்கோலனிடம் தோற்றுப்போன இந்தக் கதை நம் பிரசங்கங்களில் வருவதில்லை. எனக்கோ அவர் மேல் மரியாதை கூடுவது இந்த இடத்தில்தான்.

இறந்த பிறகு நடந்ததைப் பாருங்கள். உடலை யார் வைத்துக்கொள்வது என்று பதுவையின் இரண்டு பகுதியினர் ஆயுதம் தூக்கும் அளவுக்குச் சண்டையிட்டார்கள். வெள்ளிக்கிழமை இறந்தவரை அடுத்த செவ்வாய்க்கிழமைதான் அடக்கம் செய்ய முடிந்தது. நாம் கொச்சிக்கடைக்குப் போகும் செவ்வாய்க்கிழமை அங்கிருந்து வந்தது. ஓர் ஆண்டுக்குள் பாப்பரசர் அவரைப் புனிதர் ஆக்கினார். 1263இல் கல்லறையைத் திறந்தபோது நாக்கு மட்டும் அழியாமல் இருந்தது என்கிறது மரபு. அந்த நாக்கு பதுவையின் பேராலயத்தில் இருக்கிறது. அதன் சிறு துணுக்கு என்று வணங்கப்படும் ஒன்று கொச்சிக்கடைக் கோயிலிலும் கண்ணாடிப் பேழைக்குள் இருக்கிறது. ஆக, நாக்கு கொழும்புக்கு வந்து சேர்ந்திருக்கிறது. அது பேசிய பேச்சு வரவில்லை.

இதைச் சொல்வதால் பதுவை ஏதோ அறத்தின் தலைநகரம் என்று எண்ணிவிட வேண்டாம். அந்த நகரமும் நம்மைப் போலத்தான் நழுவியது. நகரின் நீதி மண்டபத்தில் ஒரு கருங்கல் இன்றும் இருக்கிறது. கடன் தீர்க்க முடியாதவன் கூடியிருக்கும் மக்கள் முன்னால் உடுப்பைக் களைந்து, உள்ளாடையோடு அந்தக் கல்லில் மூன்று முறை உட்கார்ந்து, என் உடைமைகளை விட்டுக்கொடுக்கிறேன் என்று சொல்லவேண்டும். பிறகு ஊரை விட்டுப் போகவேண்டும். சிறையிலிருந்து அவன் தப்பினான், மானம் போயிற்று. ஏழைக்குச் சலுகை கொடுக்கும்போது கூடவே அவனைக் கூசவைத்தும் பார்க்கவேண்டும் என்ற ஆசை அந்த நல்ல சட்டத்துக்குள்ளும் நுழைந்துவிட்டது. அரச நிவாரணத்துக்குப் பெயர் பதிய வரிசையில் நின்ற எந்தக் கொழும்புத் தாயும் இந்தக் கல்லை அடையாளம் காண்பாள்.

வட்டி வாங்கியவனுக்கு என்ன நடந்தது? அதே பதுவையில் ஸ்குரோவேஞ்ஞி என்று ஒரு பெருஞ்செல்வக் குடும்பம். தந்தை ரெஜினால்டோ பேர்போன வட்டிக்காரர். கவிஞர் தாந்தே தம்முடைய நரகக் காவியத்தில் வட்டிக்காரர்களோடு அவரை உட்கார வைத்தார். பெயரைச் சொல்லாமல், கழுத்தில் தொங்கும் பணப்பையின் குடும்பச் சின்னத்தை மட்டும் காட்டினார். மகன் என்ரிக்கோ ஒரு சிற்றாலயம் கட்டி, அக்காலத்தின் மிகப் பெரிய ஓவியனான ஜியோட்டோவை அழைத்துச் சுவரெல்லாம் தீட்டவைத்தார். 1305 மார்ச் 25இல் ஆலயம் அபிஷேகம் செய்யப்பட்டது. ஐரோப்பிய ஓவியம் அந்தச் சுவர்களில் திசை திரும்பியது என்பார்கள். அதில் சந்தேகமில்லை; மனித முகத்தில் துக்கம் இப்படி அதற்கு முன் தீட்டப்பட்டதில்லை. இறுதித் தீர்ப்பு ஓவியத்தில் வட்டிக்காரர்கள் தங்கள் பணப்பைக் கயிற்றாலேயே தூக்கில் தொங்குகிறார்கள். அதே சுவரில், மீட்கப்பட்டவர்களின் பக்கத்தில், என்ரிக்கோ முழந்தாளிட்டுத் தம்முடைய ஆலயத்தை வானுலகத்தாரிடம் நீட்டுகிறார். வட்டிக்காரன் நரகத்தில், வட்டிப் பணம் மோட்ச வாசலில். பக்கத்து மடத்துத் துறவிகள் அப்போதே முறைப்பாடு செய்தார்கள்: இது இறைவனுக்காகக் கட்டியது அல்ல, ஆடம்பரத்துக்கும் வீண் பெருமைக்கும் கட்டியது என்று. அவர்களுடைய குரலை வரலாறு ஓர் ஓரத்தில் வைத்திருக்கிறது. ஓவியமோ உலகத்தையே வரவழைக்கிறது.

ஓவியத்தை நான் குறை சொல்லவில்லை. என்ரிக்கோ யாருக்குத் திருப்பிக் கொடுத்தார் என்று கேட்கிறேன். வாங்கியது பதுவையின் ஏழையிடம், கொடுத்தது மாதாவிடம். இந்த வழி நமக்கு நன்றாகத் தெரிந்த வழி. வெள்ளவத்தையிலோ வேறெங்கோ ஒரு கோயிலின் கும்பாபிஷேக மலரை எடுத்து உபயகாரர் பட்டியலைப் பாருங்கள். தேவாலய மண்டபத்தில் சலவைக்கல்லில் வெட்டிய பெயர்களையும் பாருங்கள். அவர்களில் பலர் நேர்மையாக உழைத்தவர்கள். ஆனால் அந்தப் பணம் எந்த வழியில் வந்தது என்று எந்தப் பரிபாலன சபையாவது, எந்தப் பங்குச் சபையாவது ஒரு தரம் கேட்டதுண்டா? கோபுரத்துக்குத் தங்கக் கலசம் வைத்த பணம் மட்டக்களப்பில் ஒரு விதவையின் தாலிக்கொடியிலிருந்து வந்திருந்தால், அந்தக் கலசத்தின் கீழே நின்று கும்பிடுகிற நமக்கு அதில் பங்கில்லையா?

பதுவை தன் தவறுகளைப் பாட்டாகவும் எழுதியது. அந்தோனியாரை வெறுங்கையோடு திருப்பிய எட்செலீனோ பிறகு பதுவையையும் பிடித்து ஆண்டான். நகரத்துக் கவிஞன் அல்பெர்த்தீனோ முஸ்ஸாத்தோ அவனைப் பற்றி லத்தீனில் ஒரு சோக நாடகம் எழுதினான். இன்னொரு கொடுங்கோலன் வாசலில் நிற்கிறான் என்று தன் ஊருக்கு எச்சரிக்கை செய்ய எழுதியது அது. 1315இல் நகரம் அவனுக்கு லாரல் முடி சூட்டி, அந்த நாடகத்தை ஆண்டுதோறும் மக்கள் முன் வாசிக்கவும் ஏற்பாடு செய்தது. கொடுமையை மறக்காதே என்று ஒரு நகரம் தனக்குத்தானே இட்ட கட்டளை அது. அதே நகரம் அந்தக் கவிஞனைப் பிறகு வெளியேற்றிவிட்டது. 1329இல் கியோஜாவில் நாடுகடந்தவனாக இறந்தான். எச்சரித்தவனைப் பாராட்டிவிட்டு எச்சரிக்கையைக் கைவிடுவது இத்தாலியருக்கு மட்டும் உரிய குணம் அல்ல.

1222இல் தொடங்கிய பதுவைப் பல்கலைக்கழகம் கேள்வி கேட்பதற்குப் பேர்போனது. வெசாலியஸ் அங்கே பிணத்தை அறுத்து உடலைப் படித்தார். கலிலியோ 1592 முதல் 18 ஆண்டுகள் அங்கே கணிதம் கற்பித்தார். 1610 ஜனவரியில் வியாழனின் துணைக்கோள்களைத் தொலைநோக்கியில் கண்டது பதுவையில் இருந்தபோதுதான். உடன் வேலை செய்த தத்துவப் பேராசிரியர் கிரெமோனீனி அந்தக் கண்ணாடியில் பார்க்கவே மறுத்தார். இதை எல்லாப் பகுத்தறிவாளரும் சொல்வார்கள். நான் சொல்ல வருவது கலிலியோவின் வீட்டுக் கதையை. பதுவையில் இருந்த காலம் முழுக்க அவரை வாட்டியது சீதனக் கடன். தகப்பன் இறந்ததும் தங்கைமாரின் சீதனப் பொறுப்பு மூத்தவரான அவர் தலையில் விழுந்தது. ஊர்ப்பக்கம் வந்தால் பாக்கிக்காகக் கைது செய்விப்பேன் என்று ஒரு தங்கையின் புருஷன் மிரட்டினார். இன்னொரு தங்கைக்கு 1601இல் பேசிய சீதனத்தில் தம்பி தாம் ஏற்ற பங்கைக் கொடுக்கவில்லை. அதுவும் அண்ணன் மேல் வந்தது. மாணவரை வீட்டில் தங்கவைத்துச் சாப்பாடு போட்டும், தனிப்பட்ட முறையில் பாடம் சொல்லியும் சமாளித்தார் உலகத்தின் பெரிய விஞ்ஞானி. முடிவில் பதுவையில் பிறந்த தம்முடைய இரண்டு பெண் பிள்ளைகளையும், முறையான திருமணத்தில் பிறக்காதவர்கள், கல்யாணச் சந்தையில் போகாதவர்கள் என்று, சிறு வயதிலேயே கன்னியர் மடத்தில் விட்டார். வானத்தின் ஒழுங்கைக் கேள்வி கேட்ட மூளை சீதனத்தின் ஒழுங்கைக் கேட்கவில்லை.

எலேனா கோர்னாரோ என்ற பெண்ணுக்கு 1678இல் அதே பல்கலைக்கழகம் தத்துவத்தில் முனைவர் பட்டம் கொடுத்தது. உலகில் அப்படிப் பட்டம் பெற்ற முதற் பெண் என்று அவரைக் கொண்டாடுகிறார்கள். அவர் கேட்டது இறையியலில். ஆயர் அதைத் தடுத்தார். கேள்விக்குப் பேர்போன பல்கலைக்கழகம் அவருக்குப் பிறகு பெண்களுக்குக் கதவைச் சாத்திக்கொண்டது.

இப்போது வெள்ளவத்தைக்கு வருகிறேன். இங்கே படிக்காத வீடு குறைவு. டொக்டர், பொறியியலாளர், கணக்காளர் என்று வீட்டுக்கு ஒருவர். மாப்பிள்ளை பேசும்போது தொடர்மாடியில் ஒரு வீடு கேட்பது மட்டும் அப்படியே இருக்கிறது. கடற்கரைப் பக்கமா, காலி வீதிப் பக்கமா, எத்தனை அறை என்று கேட்கிறார்கள். பெண்ணின் அண்ணன் கனடாவில் இரண்டு வேலை பார்த்து அதற்கு அனுப்புகிறான். படித்தவர்கள் கலிலியோவைப் போலப் படித்துவிட்டு, கலிலியோவைப் போலவே சீதனத்தின் முன் பணிந்துபோகிறார்கள். இந்தக் கடன் எந்தக் கணக்குப் புத்தகத்திலும் பதியப்படுவதில்லை, ஆகவே யாரும் இதைக் கடன் என்றுகூடச் சொல்வதில்லை.

பதியப்படும் கடனின் கதை இன்னும் கொடியது. யுத்தம் முடிந்த பிறகு வடக்கிலும் கிழக்கிலும் நுண்கடன் கம்பனிகள் வீடு வீடாகப் போயின. கடன் பெண்களுக்குத்தான். பெண்கள் குழுவாகச் சேரவேண்டும். ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் கட்டவேண்டும். கிழமைக்குக் கிழமை தவணை. கட்டாத வீட்டின் விறாந்தையில் கலெக்ஷனுக்கு வந்தவர் இருட்டும் வரை உட்கார்ந்திருப்பார், அயல் பார்த்துக்கொண்டிருக்கும். 2018இல் இலங்கைக்கு வந்த ஐக்கிய நாடுகளின் சுயாதீன நிபுணர் பொஹொஸ்லாவ்ஸ்கி, ஆண்டுக்கு 40 முதல் 220 வீதம் வரை வட்டி அறவிடப்பட்டதாகச் சொன்னார். பெண்கள் உயிரை மாய்த்துக்கொண்ட செய்திகள் வந்தன. அரசாங்கம் வறட்சி மாவட்டங்களில் ஒரு இலட்சம் ரூபாய் வரையான கடன்களைத் தள்ளுபடி செய்வதாக அறிவித்தது, வட்டிக்கு உச்ச வரம்பும் வைத்தது. 2021இல் சிங்களப் பெண்கள் ஹிங்குராக்கொடையில் இதே கடனுக்கு எதிராகச் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். தமிழ்ப் பெண்ணையும் சிங்களப் பெண்ணையும் இந்த நாட்டில் ஒரே மாதிரி நடத்திய மிகச் சில விடயங்களில் இந்த வட்டியும் ஒன்று.

பிணை நின்றவரையும் விட்டுவிடவேண்டும் என்று 1231இல் பதுவை சொன்னது. ஏறத்தாழ எண்ணூறு ஆண்டுக்குப் பிறகு, பிணை நின்ற அயல்வீட்டுப் பெண்ணை வைத்தே கடனை அறவிடும் முறையை நாம் முன்னேற்றம் என்றும் பெண் வலுவூட்டல் என்றும் வரவேற்றோம். அந்தோனியார் இன்று கொழும்புக்கு வந்தால் கொச்சிக்கடைக்குப் போகமாட்டார் என்று நான் சொல்லவில்லை. ஆனால் முதலில் அந்தக் குழுக் கூட்டத்துக்குப் போவார்.

வேறொன்றையும் மறக்க முடியாது. 2022 ஏப்ரல் 12ஆம் திகதி இலங்கை அரசு உலகத்தைப் பார்த்து, வெளிநாட்டுக் கடனை இப்போது கட்ட முடியாது என்று அறிவித்தது. நாடு வங்குரோத்து. அதற்காக எந்த அமைச்சரும் கருங்கல்லில் உட்காரவில்லை. வெளிநாட்டு வழக்கறிஞர்களையும் ஆலோசகர்களையும் அமர்த்தி, கடன் கொடுத்தவர்களோடு மேசையில் இருந்து பேசி, முதல் தொகையில் ஒரு பகுதியைக் கழித்து, தவணையை நீட்டிக்கொண்டார்கள். 2024இல், கடன்பட்ட வியாபாரிகளின் சொத்தை வங்கிகள் நீதிமன்றம் போகாமலே ஏலம் விடும் பராட்டே அதிகாரத்தையும் பாராளுமன்றம் கொஞ்சக் காலத்துக்கு நிறுத்திவைத்தது. இரண்டுமே சரியான காரியங்கள் என்றுதான் நினைக்கிறேன். கட்ட முடியாதவனைக் கசக்கினால் கட்டப்போவதில்லை என்பது அறமும் கணக்கும் ஒன்றாகச் சொல்லும் உண்மை. அந்த உண்மை அரசுக்கும் முதலாளிக்கும் பொருந்தி, முல்லைத்தீவில் ஐம்பதாயிரம் ரூபாய் எடுத்த பெண்ணுக்கு மட்டும் ஏன் பொருந்தாமல் போனது? இந்த நாட்டின் வங்குரோத்துச் சட்டம் 1853இல், வெள்ளைக்காரன் காலத்தில் எழுதப்பட்டது. கையிலிருப்பதைக் கொடுத்துவிட்டுப் புதிதாகத் தொடங்கலாம் என்று அந்தப் பெண்ணுக்குச் சொல்லும் எளிய வழி ஒன்று நடைமுறையில் இல்லை.

வெள்ளவத்தைப் பாமன்கடையில் வாழ்ந்த ஆபிரகாம் கோவூர் 1978இல் இறக்கும் வரை ஒரு கேள்வியை விடாமல் கேட்டார்: அற்புதம் நடந்ததா, நிரூபிக்கமுடியுமா? நிரூபிப்பவருக்கு ஒரு இலட்சம் ரூபாய் தருவதாகச் சவால் விட்டார். கேரளத்து மதகுரு ஒருவரின் மகன் அவர். அவருடைய துணிச்சலுக்கு நாம் கடமைப்பட்டிருக்கிறோம். ஆனால் அவருடைய கேள்வி போதாது என்று நினைக்கிறேன். அற்புதம் பொய் என்று நிரூபித்துவிட்டால் கடனில் இருக்கும் பெண்ணுக்கு என்ன கிடைத்தது? நம்பிக்கையும் போய், கடனும் இருக்கும். பகுத்தறிவு கேட்கவேண்டிய அடுத்த கேள்வி இதுதான்: நாம் அற்புதத்துக்குக் காத்திருக்கும்போது கடமையிலிருந்து தப்பிக்கொள்வது யார்?

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. கொச்சிக்கடைக் கோயிலுக்குள்ளேயே குண்டு வெடித்தது. நாடு முழுக்க அன்று 250 பேருக்கு மேல் கொல்லப்பட்டார்கள். சொரூபம் சேதமில்லாமல் நின்றதைச் சிலர் அதிசயம் என்றார்கள். செத்தவர்களின் வீட்டில் அந்த வார்த்தையைச் சொல்லிப் பாருங்கள். தாக்குதல் வரும் என்று ஏப்ரல் 4ஆம் திகதியே இந்தியா எச்சரித்திருந்தது. எச்சரிக்கை கோப்புகளுக்குள் கிடந்தது. 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம் முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேனவை 10 கோடி ரூபாய் நட்டஈடு கொடுக்கும்படி தீர்ப்பளித்தது. வானம் கைவிட்டதா என்று விவாதித்துக்கொண்டிருந்தால் அந்தத் தீர்ப்பு வந்திருக்காது. கைவிட்டது யார், எந்தத் திகதியில், எந்த மேசையில் என்று சிலர் வழக்குப் போட்டுக் கேட்டதால் வந்தது. கடனிலும் அப்படித்தான் கேட்கவேண்டும்.

ஆகவே கொட்டாஞ்சேனைக்கும் வெள்ளவத்தைக்கும் என் வேண்டுகோள்.

கொச்சிக்கடையில் தமிழில் பிரசங்கம் செய்யும் குருமாரே, ஜூன் 13ஆம் திகதித் திருவிழாவில் அந்தோனியாரின் அற்புதங்களைச் சொல்வதற்கு முன் 1231ஆம் ஆண்டுச் சட்டத்தைச் சொல்லுங்கள். பிணை நின்றவரையும் விடுவித்த சட்டம் என்று சேர்த்துச் சொல்லுங்கள். 1942இல் தொடங்கிய கொழும்புத் தமிழ்ச் சங்கம் பட்டிமன்றத்துக்கும் நூல் வெளியீட்டுக்கும் தரும் மாலைகளில் ஒன்றைக் கடன்பட்ட பெண்கள் பேசுவதற்குத் தரட்டும். சட்டத்தரணிகள் கீழே உட்கார்ந்து கேட்கட்டும். கோயில் பரிபாலன சபைகள் உபயம் வாங்கும் முன் பணத்தின் வழியைக் கேட்கட்டும். தனி மனிதருக்கான வங்குரோத்துச் சட்டம் ஒன்று வேண்டும், அதில் குழுப் பிணை செல்லாது என்ற வரி வேண்டும் என்று உங்கள் பாராளுமன்ற உறுப்பினருக்குக் கடிதம் எழுதுங்கள்.

இதை வாசிக்கிற உங்களுக்கு அதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. உங்கள் வீட்டுக்கு வேலைக்கு வரும் பெண்ணிடம், யாரிடம் கடன் எடுத்திருக்கிறாய், கிழமைக்கு எவ்வளவு கட்டுகிறாய், எழுதித் தந்த கடுதாசி எந்தப் பாஷையில் இருக்கிறது என்று கேளுங்கள். அந்தக் கடுதாசியை வாங்கி உட்கார்ந்து வாசியுங்கள்.